கெமால் பாஷாவின் சட்டங்களும் துருக்கி ஜனங்களும்

முஸ்தபா கெமால் பாஷாவின் பெயரைக் கேள்விப்படாத படித்த மனிதர் நம் நாட்டில் இலர். ஆயினும் அவரைப் போர்வீரராக மட்டுமே அறிந்தவர்கள்தாம் அதிகம். 1915-ல் கலிபோலிக் கரையில் ஆங்கிலேயரையும் பிரெஞ்சுக்காரரையும் தடுத்து நிறுத்தியதும், 1921-ல் ஸகாரியா நதிக்கரையில் கிரேக்கப் படையை முறியடித்ததும், மறு வருஷம் இஸ்மிர் நகரைத் திரும்பக் கைப்பற்றியதும் பள்ளிப் பையன்களும் சொல்லக்கூடிய கதைகள். நாம் இங்கே சொல்லப் புகுவது அவர் நடத்திய மற்றொரு யுத்தத்தைப் பற்றி. தம் சொந்த ஜனங்களின் உடை, எழுத்து, பாஷை, சங்கீதம், விவாகம், தொழுகை ஆகியவற்றோடு 1924 முதல் 1938-ல் இறக்கும் வரையில் பதினான்கு வருஷ காலம் அந்த யுத்தத்தை அவர் நடத்தினார். சில இடங்களில் பூரண வெற்றி பெற்றார்; சில இடங்களில், அவருடைய காலத்தில் யார் கண்ணுக்கும் புலப்படாத வண்ணம், தோற்றுப் போனார். எங்கே வென்றார், எங்கே தோற்றார், ஏன் என்று ஆராய்வது, ராஜ்யாதிகாரம் கைக்கு வந்தால் ஜனங்களின் மனத்தையே மாற்றிவிடலாம் என்று நம்புகிற தேசீயவாதிகள் அனைவருக்கும் அவசியமான காரியமாகும். நம்மையும் சேர்த்துத்தான் சொல்லுகிறோம்.

அவர் 1881-ல் ஸலோனிகா நகரில் பிறந்தார். இன்று கிரேக்க தேசத்தைச் சேர்ந்திருக்கும் அந்தத் துறைமுகம் அன்று துருக்கி ஸுல்தானுடைய ஆட்சியில் இருந்தது. யூதர், துருக்கியர், கிரேக்கர், பல்கேரியர் எல்லோரும் கலந்து வசித்த ஊர் அது. தந்தை அலி ரிஸா சுங்க இலாகாவில் சிறு உத்தியோகம் பார்த்தவர். பின்பு மர வியாபாரத்தில் இறங்கி நொடித்துப் போனவர். தாயார் ஸுபைதா தொழுகை தவறாத மாதரசி. பையனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று வீட்டில் தகராறு உண்டாயிற்று. குர்ஆன் ஓதக் கற்பிக்கும் தெருப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டுமென்று தாயாரும், புதுமுறைக் கல்வி தரும் ஷம்ஸி எபெந்தியின் பள்ளியில் சேர்க்க வேண்டுமென்று தந்தையும் பிடிவாதம் செய்தார்கள். முடிவில் தந்தை ஒரு யுக்தி கண்டுபிடித்தார். தாயாரின் மனம் குளிரும்படி, வழக்கமான சடங்குகளோடும் ஊர்வலத்தோடும் பையனைத் தெருப் பள்ளியிலேயே சேர்த்தார். சில தினங்கள் கழித்துச் சந்தடியின்றி அங்கிருந்து எடுத்து ஷம்ஸி எபெந்தியிடம் கொண்டுபோய் விட்டார். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. தந்தையின் இந்தச் சாமர்த்தியம் மகனுக்குப் பிற்காலத்தில் ஏன் கைவரவில்லை என்று நாம் வியப்பதுண்டு.

ஏழு வயதளவில் தந்தையை இழந்த பையன், தாயாருக்குத் தெரியாமலே ராணுவப் பள்ளிப் பரீட்சைக்குப் போய்த் தேறினான். அங்கே கணித உபாத்தியாயர் அவனுக்குக் கெமால் என்ற இரண்டாவது பெயரை அளித்தார். மானஸ்தீர் ராணுவப் பள்ளியிலும், 1899 முதல் தலைநகரத்திலுள்ள யுத்தக் கல்லூரியிலும் பயின்று, 1905-ல் தலைமைத் தளத்துக் காப்டனாக வெளிவந்தார். அக்காலத்து இளந்துருக்கியர் எல்லோரையும் போலவே அவரும் பிரெஞ்சுப் புஸ்தகங்களை ஒளித்து வைத்துப் படித்தவர். 1912-ல் பால்கன் யுத்தத்தில் ஸலோனிகா கிரேக்கர் வசமாயிற்று. அவருடைய தாயாரும் சகோதரியும் அகதிகளாக இஸ்தான்புல் வந்து சேர்ந்தார்கள். பிறந்த வீட்டைத் திரும்பப் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. ஒரு பேரரசு கண்ணெதிரே துண்டு துண்டாகப் போவதைக் கண்ட தலைமுறை அது. ஏன் போயிற்று என்று அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். தியார்பக்கிரில் பிறந்த ஜியா கோகால்ப் என்ற பண்டிதர், நாகரிகம் என்பது உலகத்துக்குப் பொது, அதை ஐரோப்பாவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கலாசாரம் என்பது ஒரு ஜாதியின் சொந்தச் சொத்து, அதை ஜனங்களிடமே தேட வேண்டும் என்று விடை சொன்னார். கெமால் அவரிடமிருந்து வெகுவாகக் கற்றுக்கொண்டார். ஆனால் கோகால்ப் இட்ட அந்தக் கோட்டை அவர் மதிக்கவில்லை. கோகால்ப் 1924-ல் காலமானார். கோடும் அவரோடு போயிற்று.

யுத்த சரித்திரத்தை நாம் விரிக்கப் போவதில்லை. 1919 மே 19-ல் ஸம்ஸுன் துறைமுகத்தில் இறங்கியது முதல் 1923 அக்டோபர் 29-ல் குடியரசு பிரகடனமானது வரையில் நடந்தவை உலகம் அறிந்தவை. ஒன்றை மாத்திரம் நினைவூட்டுவோம். அந்த நான்கு வருஷங்களில் அனதோலியாவின் குடியானவர்களை அவர் இஸ்லாத்தின் பெயராலேயே திரட்டினார். 1920 ஏப்ரல் 23-ல் அங்காராவில் தேசீய சபை கூடியபோது, வேண்டுமென்றே வெள்ளிக்கிழமையைத் தேர்ந்து, ஜும்ஆத் தொழுகை முடித்து, குர்ஆன் ஓதி, ஆடு அறுத்துச் சபையைத் திறந்தார்கள். நம் நாட்டில் கிலாபத் இயக்கத்தில் ஈடுபட்டவர்கள், ஹிந்துக்களும் முஸ்லிம்களும், கெமால் பாஷாவைக் கலீபாவின் வாளாகவே கருதினார்கள். அதற்காகச் சிறை சென்றார்கள். பெண்கள் நகைகளைக் கழற்றித் தந்தார்கள்.

1924 மார்ச் 3-ல் அங்காரா சபை கிலாபத்தையே எடுத்துவிட்டது. அன்றே, ஒரே தினத்தில், ஷரியத்-வக்பு மந்திரி இலாகாவும் ஒழிந்தது. தேசத்திலுள்ள பள்ளிகள் யாவும் கல்வி மந்திரியின் கீழ் வந்தன. அடுத்த சில நாட்களில் மதரஸாக்கள் மூடப்பட்டன. கலீபா அப்துல் மஜீது சித்திரம் வரைவதில் தேர்ந்த சாது. அவரை இரவோடிரவாக அரண்மனையிலிருந்து அழைத்துச் சென்று, ஸத்தால்ஜா ரயில் நிலையத்தில் வண்டியேற்றி ஸ்விட்ஜர்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் 1944-ல் பாரிஸ் நகரில் காலமானார். கிலாபத்தின் கௌரவத்தைக் காக்கும்படி ஆகாகானும் அமீர் அலியும் எழுதிய கடிதத்தை அதற்கு முந்திய டிஸம்பரில் வெளியிட்ட இஸ்தான்புல் பத்திரிகாசிரியர்கள் விசாரணைக்கு இழுக்கப்பட்டார்கள். பத்திரிகைத் தொழிலிலிருக்கும் நாம் இதைக் குறிப்பிடாமல் போக முடியாது. இந்தியாவில் கிலாபத் இயக்கம் காலுக்கடியில் தரையின்றி நின்றது. கெமாலுடைய பக்கத்திலிருந்து பார்த்தால், ஆறு நூற்றாண்டுச் சுமையை ஒரு சிறு குடியரசின் தலைமேல் வைத்து, அதை எட்ட இருந்து ரசிப்பது பிறருக்கு எளிது. சுமப்பவன் அல்லவா அதன் பாரத்தை அறிவான்? இந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை கூற நமக்கு வாய் வரவில்லை.

அடுத்தது தொப்பி. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஒரு தேசத்தின் தலைவர் தலைக்கு மேல் இருப்பதையா மாற்றப் புறப்பட வேண்டும் என்பார்கள். ஆனால் இதன் வரலாறு விசித்திரமானது. துருக்கித் தொப்பி என்று நாம் சொல்லுகிற சிவப்புக் குல்லா துருக்கியரின் பூர்வீக உடையன்று. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஸுல்தான் இரண்டாம் மஹ்மூது 1829-ல் தலைப்பாகையை நீக்கி, உத்தியோகஸ்தர்கள் அனைவரும் இதை அணிய வேண்டுமென்று உத்தரவிட்டார். அப்போது உலமாக்கள் அதைக் காபிர்களின் வேஷம் என்று கண்டித்தார்கள். நூறு வருஷம் செல்வதற்குள் அதே குல்லா இஸ்லாத்தின் அடையாளமாகிவிட்டது. அதிலும் வேடிக்கை, அக்குல்லாக்களிற் பெரும்பகுதி ஆஸ்திரியாவில் நெய்து இறக்குமதியானவை. 1908-ல் ஆஸ்திரியா பாஸ்னியா நாட்டைச் சேர்த்துக்கொண்டபோது, துருக்கியர் அந்நியச் சரக்கு பகிஷ்காரம் செய்து தங்கள் குல்லாக்களையே கழற்றி எறிந்தார்கள். சுதேசியம் பேசுகிற நம் நேயர்கள் இதைப் படித்து மகிழ்வார்கள்.

1925 ஆகஸ்டில் கெமால், பழமைப் பற்றுக்குப் பெயர்போன கஸ்தமோனு நகருக்குக் கையில் பனாமாத் தொப்பியுடன் போனார். அதே வருஷம் நவம்பர் 25-ல் தொப்பிச் சட்டம் பிறந்தது. முகப்பில் விளிம்புள்ள தொப்பியோடு நெற்றி தரையில் படச் ஸஜ்தா செய்ய முடியாது என்பது முஸ்லிம் நண்பர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆதலால் ஜனங்கள் இதைத் தலைமேல் வந்த உத்தரவாக நினைக்கவில்லை. தொழுகைமேல் வந்த உத்தரவாகவே நினைத்தார்கள். எர்ஸுரூம், ரிஸே, மராஷ் முதலிய ஊர்களில் கலகம் எழுந்தது. சுதந்திர நீதி ஸ்தலங்கள் என்று பெயர் சூட்டப்பட்ட விசேஷக் கோர்ட்டுகள் ஊர் ஊராகச் சென்று பலரைத் தூக்கிலிட்டன. பின்னால் ஏழைக் குடியானவர்கள் விளிம்பைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு தொழலாயினர். சட்டமும் பிழைத்தது, தொழுகையும் பிழைத்தது.

இவ்விடத்தில் ஒரு வழக்கை நாம் சொல்லியே ஆக வேண்டும். சட்டத் தொழிலில் சில காலம் பழகியவர்களாதலால் இது நம் மனத்தைவிட்டு அகலுவதில்லை. இஸ்கிலிப் ஊரைச் சேர்ந்த ஆதிப் ஹோஜா என்ற ஆலிம், ஐரோப்பியரைப் பார்த்து நடிப்பதையும் தொப்பி அணிவதையும் கண்டித்து ஒரு சிறு நூல் பிரசுரித்திருந்தார். பிரசுரமான வருஷம் 1924. தொப்பிச் சட்டம் பிறந்ததோ 1925 நவம்பரில். சட்டம் இல்லாத காலத்தில், அநுமதியுடன் அச்சிட்ட புஸ்தகத்தைக் காரணம் காட்டி அவரைப் பிடித்து, கலகங்களோடு முடிச்சுப்போட்டு, அங்காராக் கோர்ட்டில் விசாரித்து, 1926 பிப்ரவரி 4-ல் தூக்கிலிட்டார்கள். அப்பீல் கிடையாது. அவருடைய கொள்கையில் நமக்கு ஒரு சிறிதும் உடன்பாடில்லை. ஆனால் பின்னால் பிறக்கப் போகும் சட்டத்தை முன்கூட்டியே மீறியதற்காக ஒரு மனிதன் சாவது எந்த நாகரிகத்தின் நியாயம்? நாகரிகத்தை நிலைநாட்டும் பொருட்டே அதைச் செய்ததாக அக்கோர்ட்டார் நம்பினார்கள் என்பதுதான் நம்மைத் திடுக்கிடச் செய்கிறது.

அதே பிப்ரவரி மாதம் 17-ந் தேதி, அதே அங்காராவில், வேறொரு சட்டம் நிறைவேறியது. அதை நாம் இரு கை கூப்பி வரவேற்போம். ஸ்விட்ஜர்லாந்து தேசத்துச் ஸிவில் சட்டத்தைத் தழுவி எழுதிய புதிய குடும்பச் சட்டம் அது. பல தார விவாகம் ஒழிந்தது. தலாக்கு ஒழிந்து விவாகரத்து நீதிபதியின் கைக்குப் போயிற்று. ஸ்திரீக்கும் அவ்வுரிமை கிடைத்தது. சொத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் சம பாகம் ஏற்பட்டது. 1934-ல் பார்லிமெண்டுத் தேர்தலில் வாக்குரிமை பெற்று, மறு வருஷம் 17 ஸ்திரீகள் சபையில் அமர்ந்தார்கள். பிரான்ஸ் தேசத்துப் பெண்களுக்கு அந்த உரிமை 1944 வரையில் இல்லை. கிராமங்களில் இந்தச் சட்டம் வெகு காலம் ஏட்டளவிலேயே நின்றது உண்மைதான். இமாம் செய்துவைத்த நிக்காஹோடு வாழ்ந்த குடும்பங்களின் குழந்தைகளுக்குச் சட்ட அந்தஸ்து கொடுக்கச் சர்க்கார் அடிக்கடி தனிச் சட்டங்கள் செய்யவேண்டி வந்தது. எனினும் கோர்ட்டுக்குப் போகத் துணிந்த பெண்ணுக்கு அங்கே ஒரு கதவு திறந்திருந்தது. அது போதாதா? கெமாலுடைய சொந்த வாழ்க்கை மட்டும் இந்தச் சட்டத்துக்கு முந்திக்கொண்டது. ஐரோப்பாவில் சட்டம் படித்த லத்தீபா அம்மையாரை 1923-ல் மணந்து, 1925 ஆகஸ்டில், புதிய சட்டம் வருவதற்குச் சில மாதம் முன்பு, பழைய முறைப்படியே விலக்கிவிட்டார்.

இனி எழுத்துக்கு வருவோம். அவருடைய காரியங்களில் மிகப் பெரியது இதுவே என்பது நமது அபிப்பிராயம். துருக்கி பாஷையில் உயிரெழுத்தோசைகள் எட்டு. சொல்லின் விகுதிகள் எல்லாம் அவ்வுயிரோசைக்கு இசைந்தே மாறும். அரபு எழுத்தோ மெய்யெழுத்துக்களையே பிரதானமாகக் குறிப்பது. ஆகவே ஒரே எழுத்துக்கூட்டலை நான்கு விதமாகப் படிக்கலாம். எது சரி என்பது முன்பே பாஷை கற்றவனுக்குத்தான் தெரியும். 1927-ல் எடுத்த முதல் ஜனக் கணக்கில் எழுத்தறிந்தவர் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவே இருந்தார்கள். லத்தீன் எழுத்தைப் பற்றிய பேச்சு புதிதன்று. ருஷ்ய ஆட்சியிலிருந்த அஸர்பைஜான் துருக்கியர் சில வருஷம் முன்னதாகவே அதில் இறங்கிவிட்டார்கள். 1928-ல் கெமால் அமைத்த கமிட்டியார் புது எழுத்தைப் பரப்பப் பல வருஷங்கள் வேண்டும் என்றும், அதுவரை இரண்டு எழுத்தும் பக்கம் பக்கமாக இருக்கலாம் என்றும் கருதினார்கள். கெமால் மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்க மறுத்தார். இரண்டும் இருந்தால் எல்லோரும் பழையதையே படிப்பார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியானதே.

ஆகஸ்டு 9-ந் தேதி இரவு இஸ்தான்புல் கடலோரத் தோட்டத்தில் நடந்த கேளிக்கையில் அதைப் பிரகடனம் செய்தார். பிறகு கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியுமாகப் புறப்பட்டார். அரண்மனையில் சபை அங்கத்தினர்களுக்குப் பாடம். ஸினோப், ஸம்ஸுன், ஸிவாஸ், கைஸேரி என்று ஊர் ஊராகச் சந்தை வெளியில் ஜனங்களுக்குப் பாடம். குடியரசின் தலைவர் பலகையண்டை நின்று உயிரெழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். காஜியும் கடைக்காரனும் ஒரே வகுப்பில் தடுமாறுகிறார்கள். அந்தக் காட்சியைக் காட்டிலும் அழகான காட்சி ஒன்றை இந்த நூற்றாண்டின் ராஜீய சரித்திரத்தில் நாம் கண்டதில்லை. நவம்பர் 1-ல் சட்டம். டிஸம்பர் 1 முதல் பத்திரிகைகள். 1929 ஜனவரி 1 முதல் எல்லாப் புஸ்தகங்களும். பத்திரிகைகளின் விற்பனை படுத்துவிட்டது. சர்க்கார் பணம் கொடுத்துத் தாங்கவேண்டியதாயிற்று. பத்திரிகை நடத்துபவர்கள் அந்தக் குளிர்காலத்தை எண்ணிப் பார்க்கட்டும்: நேற்று வரை வாசகராயிருந்தவரெல்லாம் இன்று காலை எழுத்தறியாதவர். தேசீயப் பள்ளிகள் என்ற பெயரால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வகுப்புகள் திறந்தன. 1935-ல் எழுத்தறிந்தவர் தொகை நூற்றுக்கு இருபதளவாக, அதாவது ஏழெட்டு வருஷத்தில் இரட்டிப்பாக உயர்ந்தது.

நஷ்டமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1929 முதல் பள்ளிகளில் அரபும் பாரசீகமும் எடுபட்டன. பேரனுக்குப் பாட்டனார் கல்லறையில் பொறித்த வரிகள் கோடுகளாகிவிட்டன. அதற்கு மேல், 1932-ல் பாஷைச் சங்கம் ஏற்படுத்தி, அரபு பாரசீகச் சொற்களைக் களைந்து, கிராமத்துப் பேச்சிலிருந்தும் பழைய ஓலைகளிலிருந்தும் புதுச் சொற்களைத் திரட்டத் தொடங்கினார்கள். 1934-ல் கெமால் புதுச் சொற்களைக் கொண்டே ஒரு பிரசங்கம் செய்தார், கேட்டவர்களுக்கு விளங்கவில்லை. அடுத்த வருஷம், உலகத்துப் பாஷைகள் எல்லாம் ஆதித் துருக்கியிலிருந்தே பிறந்தன, ஆதலால் அந்நியச் சொல் என்பதே கிடையாது என்ற ஸூரிய பாஷைக் கொள்கையைப் பண்டிதர்கள் வெளியிட்டார்கள். நகைப்புக்கிடமான கொள்கைதான், இதன் உறவினர்களை நாம் வேறு தேசங்களிலும் கண்டிருக்கிறோம். ஆனால் களையெடுப்பை நிறுத்த அது ஒரு கௌரவமான சாக்காயிற்று. 1927 அக்டோபரில் ஆறு நாட்களாக முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல் கெமால் செய்த மாபெரும் பிரசங்கம் சுதந்திரப் போரின் சரித்திரம். அதைத் துருக்கி இளைஞர்களுக்கே சமர்ப்பித்து முடித்தார். அந்த இளைஞர்களின் பிள்ளைகளுக்கு அது விளங்காமல், 1960-களில் தற்காலத் துருக்கியில் அதை மாற்றி எழுதவேண்டி வந்தது. குர்து பாஷை பேசும் பிரஜைகளின் கதி இதனினும் கொடிது. அவர்களுக்கு அன்று எந்த எழுத்திலும் இடமில்லாதிருந்தது.

சங்கீதத்திலும் கை வைத்தார்கள். 1934 நவம்பரில் சபையில் கெமால், துருக்கியின் புதிய சங்கீதம் மேல்நாட்டு விதிகளின்படி எழவேண்டும் என்று கூறவே, அதிகாரிகள் உடனே ரேடியோவில் பழைய துருக்கி சங்கீதத்தை நிறுத்திவிட்டார்கள். சுமார் இருபது மாதம் தடை நீடித்தது. ஜனங்கள் ரேடியோப் பெட்டியின் முள்ளைத் திருப்பிக் கெய்ரோ நிலையத்தின் அரபுப் பாட்டைக் கேட்டார்கள்! அரபு வாடையை ஒழிக்கச் செய்த சட்டம் அரபு சங்கீதத்தை வீட்டுக்குள் அழைத்து வந்தது. கெமாலோ, இரவு விருந்துகளில் ஸலோனிகாப் பக்கத்து நாட்டுப் பாடல்களைப் பாடச் சொல்லிக் கேட்டுக் கண் கலங்குபவர். 1936-ல் தடை நீங்கிற்று.

மெஹ்மத் ஆகிபைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம். துருக்கியின் தேசீய கீதத்தை 1921-ல் இயற்றிய மகாகவி அவர். பக்திமான், அதே சமயத்தில் மூட நம்பிக்கைகளைச் சாடியவர், சுதந்திரப் போரில் பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் போய் ஜனங்களை எழுப்பியவர். 1925-ல், அங்காரா சபை குர்ஆனைத் துருக்கி பாஷையில் பெயர்க்கப் பணம் ஒதுக்கி அவரை அமர்த்திற்று. அவர் எகிப்துக்குப் போய் அங்கே வருஷக்கணக்கில் அதற்காக உழைத்தார். நடுவில் ஒரு பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. தம்முடைய மொழிபெயர்ப்பைத் தொழுகையில் அரபு மூலத்துக்குப் பதிலாக ஓதும்படி சர்க்கார் கட்டளையிடுமோ என்பதே அது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகினார். 1936-ல் நோயுடன் தாய்நாடு திரும்புமுன், தாம் வராவிட்டால் எரித்துவிடும்படி சொல்லிக் கையெழுத்துப் பிரதியைக் கெய்ரோவில் ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். அவ்வருஷம் டிஸம்பரில் இஸ்தான்புல்லில் காலமானார். சர்க்கார் மரியாதை இல்லை. கல்லூரி மாணவர்கள் கொடியைப் போர்த்திப் பெட்டியைத் தோளில் சுமந்து சென்றார்கள். கெய்ரோவிலிருந்த அந்தப் பிரதி 1961-ல் எரிக்கப்பட்டது.

அவருடைய பயம் ஆதாரமற்றதன்று. 1932 ஜனவரி ரம்ஜான் மாதத்தில் இஸ்தான்புல் பள்ளிவாசல்களில் ஹாபிஸ்கள் குர்ஆனைத் துருக்கியில் ஓதும்படி ஏற்பாடாயிற்று. அவ்வருஷமே பாங்கைத் துருக்கி பாஷையில்தான் சொல்லவேண்டும் என்று சமய இலாகாவின் உத்தரவு போயிற்று. அல்லாவின் பெயருக்குப் பதில் துருக்கியரின் பழைய சொல்லான தான்றி வந்தது. பாங்கில் ஒரே ஒரு அரபுச் சொல்லை, வெற்றி அல்லது ஈடேற்றம் என்று பொருள்படும் பலாஹ் என்பதை, விட்டுவைத்தார்கள். நியாயமான கேள்வி ஒன்று உண்டு: ஜனங்கள் தம் கடவுளைத் தம் தாய்பாஷையில் தொழுதால் என்ன? தாய்பாஷையில் உபாஸிப்பதை உயர்வாக எண்ணும் நாம் இதை ஒருபோதும் தவறென்று சொல்லோம். ஆனால் கேட்டவர் யார்? மோதினார் கேட்கவில்லை, தொழ வந்தவர் கேட்கவில்லை, போலீஸ்காரர் கேட்டார். 1933 பிப்ரவரியில் புர்ஸா நகரில் சில ஜனங்கள் கூடி ஆட்சேபித்தபோது, கெமால் பிரயாணத்தை நிறுத்திவிட்டு அங்கே விரைந்தார். பலர் சிறை சென்றார்கள். அவர் இறந்த பின், 1941-ல், அரபுப் பாங்கு சொல்வதைக் குற்றமாக்கித் தண்டனைச் சட்டத்தையே திருத்தினார்கள்.

கெமால் சமயத்தையும் ராஜ்யத்தையும் பிரித்துவிட்டார் என்று புஸ்தகங்களில் எழுதுகிறார்கள். சட்டப்படி பார்த்தால் இது சரியன்று. 1924-ல் அவர் ஏற்படுத்திய சமய இலாகா, இமாம்களையும் மோதினார்களையும் பிரசங்கங்களையும் ஆளும் சர்க்கார் காரியாலயம். ஸுல்தான் காலத்து ஷேகுல் இஸ்லாமுக்காவது தம்முடையதென்று ஒரு சட்டம் இருந்தது. இந்த இலாகாவின் தலைவர் பிரதம மந்திரியின் உத்தியோகஸ்தராக இருந்தார். இமாம்களைப் பயிற்ற 1924-ல் திறந்த பள்ளிகள் மாணவரின்றி 1930-க்குள் மூடின. பல்கலைக்கழகத்துச் சமயப் பகுதி 1933-ல் போயிற்று. தர்வேஷ் மடங்கள் 1925-லேயே மூடப்பட்டுவிட்டன. இதன் பலன் என்ன? கற்றறிந்த ஆலிம்கள் வயதாகி இறந்தார்கள். அவர்கள் இடத்தை நிரப்ப ஆளில்லை. பக்தி மட்டும் போகவில்லை. அது கிராமத்துக் கொல்லைப்புறத்தில், இரவில், பாதி படித்த போதகர்களின் கையில் வளர்ந்தது. கெமாலின் சொந்தக் கட்சியாரே 1949-ல் பள்ளிகளில் சமயப் பாடத்தையும், இமாம் பயிற்சி வகுப்பையும், அங்காராவில் சமயக் கல்லூரியையும் மறுபடி திறந்தார்கள். பள்ளிவாசலாயிருந்த ஹாகியா ஸோபியாவைக் கெமாலின் மந்திரிசபை 1934-ல் காட்சிசாலையாக்கிற்று. 2020-ல் வேறொரு சர்க்கார், அதைப் போலவே உத்தரவினால், மீண்டும் பள்ளிவாசலாக்கிற்று. உத்தரவினால் ஆனதை உத்தரவு எடுத்துவிட்டது.

அவரைப் பார்த்து அக்கம்பக்கத்தார் செய்தவற்றையும் கவனிக்க வேண்டும். ஆப்கானிஸ்தானத்து அரசர் அமானுல்லா ஐரோப்பாவைச் சுற்றி வந்து உடையையும் முகத்திரையையும் மாற்ற விரைந்தார்; 1929-ல் சிம்மாசனத்தை இழந்தார். பாரசீகத்து ரிஸா ஷா 1934-ல் துருக்கிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 1936-ல் பெண்களின் திரையைப் போலீஸைக்கொண்டு கிழித்தார். 1941-ல் அவர் நாட்டைவிட்டுப் போனதும் அநேகம் பெண்கள் திரையைத் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். கெமால் தேச முழுவதற்குமாக முகத்திரைக்கு எதிராகச் சட்டம் செய்யவே இல்லை. சில நகரசபைகள் செய்தன; அவர் பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போன பெண்கள் திரையைத் தாமே விட்டார்கள். தொப்பியில் இல்லாத பொறுமை இதில் அவருக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. ஸுபைதா அம்மையாரின் ஞாபகம் தடுத்திருக்கலாம் என்று நாம் எண்ணுவதுண்டு.

1934-ல் எல்லோரும் குலப்பெயர் வைத்துக்கொள்ளும் சட்டம் வந்தபோது, சபை அவருக்கு அத்தாதுர்க், அதாவது துருக்கியரின் தந்தை, என்ற பெயரை அளித்தது. 1938 நவம்பர் 10-ந் தேதி காலை ஒன்பது மணி ஐந்து நிமிஷத்துக்கு, கடைசிக் கலீபா வெளியேற்றப்பட்ட அதே தோல்மாபாச்சே அரண்மனையில், கல்லீரல் நோயினால் ஐம்பத்தேழாம் வயதில் காலமானார். ஜனாஸாத் தொழுகை வேண்டுமா என்று அதிகாரிகள் தயங்கினார்கள். சகோதரி மக்பூலே பிடிவாதம் செய்தார். பள்ளிவாசலுக்குக் கொண்டுபோகாமல் அரண்மனை மண்டபத்திலேயே, சிலர் மட்டும் நிற்க, தொழுகை நடந்தது. தக்பீர் துருக்கியில் சொல்லப்பட்டது.

1950 மே மாதத் தேர்தலில் அவருடைய கட்சி தோற்றது. ஜூன் 16-ந் தேதி, ரம்ஜான் பிறப்பதற்கு முந்திய தினம், புதிய சபை அரபுப் பாங்குக்கான தண்டனையை நீக்கிற்று. அவர் கட்சியாரும் எதிர்க்கவில்லை. துருக்கிப் பாங்கைச் சட்டம் தடுக்கவுமில்லை. எந்த பாஷையில் சொல்வதென்பது மோதினாரின் இஷ்டம். அன்று முதல் ஊர் ஊராக மினாராக்களில் அரபுப் பாங்கு எழும்பிற்று. ஜனங்கள் தெருவில் நின்று அழுதார்கள் என்று எழுதுகிறார்கள். மறு நாள் பத்திரிகைகள் அந்தச் செய்தியைப் பெரிய தலைப்புகளுடன், கெமால் கரும்பலகையில் எழுதிக் காட்டிய எழுத்துக்களில் அச்சிட்டன. பழைய எழுத்தைத் திரும்பக் கொடு என்று அந்தத் தேர்தலில் எந்தக் கட்சியும் கேட்கவில்லை.